யாரைப் பார்த்துப் பாடுவது

அரியாங்குப்பத்தில் ஒரு வீட்டில் சாவு விழுந்தால் ஆட்கள் முதலில் ஓடுவது ஐஸ் பெட்டிக்கு. அடுத்து சாமியானா, நாற்காலி. அதற்கப்புறம்தான் கடலூர் ரோட்டில் இருக்கும் எங்கள் மைக் செட் கடைக்கு வருவார்கள். வருகிறவர் மருமகனாகவோ, தெருவில் நாலு விஷயம் தெரிந்த ஆளாகவோ இருப்பார். அட்வான்ஸைக் கையில் வைத்துக்கொண்டே கேட்பார்: "இன்னா பாட்டுண்ணே வச்சிருக்கீங்க?"

கல்யாணத்துக்கு வருகிறவர்கள் இதைக் கேட்பதில்லை. அங்கே சத்தம் இருந்தால் போதும். சாவு வீட்டில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு விசாரணை நடக்கும். "அது வேணாம், அம்மா தாங்க மாட்டாங்க." "சாமிப் பாட்டா போட்டுடுங்க." "எங்கப்பாவுக்கு சாமி கிடையாதுண்ணே, தத்துவமா போடுங்க." "ஜெபம் ஆரம்பிக்கப் போறாங்க, கொஞ்சம் நிறுத்துங்க." உயிர் எங்கே போகிறது, போன உயிருக்கு நாம் பேசுவது கேட்குமா, மிஞ்சியிருப்பவர்களுக்கு என்ன சொல்லலாம் என்று மடங்களில் உட்கார்ந்து பேசுகிற விஷயங்களை வாசலில் நின்றபடியே முடிவு செய்துவிடுகிறார்கள்.

அப்பா காலத்தில் ரெகார்டு. தென்னை மரத்தில் கூம்பு ஸ்பீக்கரைக் கட்டினால் ஆற்றுக்கு அக்கரையில் முருங்கப்பாக்கத்தில் கேட்கும். காலங்காத்தாலே டி.எம். சௌந்தரராஜன் குரல் வந்தால் அங்கே டீக்கடையில் இருப்பவர்கள் "யார் வூட்ல?" என்று கேட்பார்களாம். இப்போது பாக்ஸ் ஸ்பீக்கர், பென்டிரைவ். இரவு பத்திலிருந்து காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டு விதிகள் வந்த பிறகு ராத்திரியில் நிறுத்தியாக வேண்டும். நான் சாவுப் பாட்டைப் பற்றித் தெரிந்துகொண்டதில் பாதி, அப்படி நிறுத்திவிட்டு ஒயரைச் சுருட்டிக்கொண்டிருந்த நேரத்தில் காதில் விழுந்ததுதான்.

எல்லா வீட்டிலும் கேட்கிற பாட்டு என்று ஒன்று உண்டென்றால் அது 'பாதகாணிக்கை' படத்துப் பாட்டு. 1962இல் வந்த படம்; புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்ததும் அதே வருஷம், ஆகஸ்ட் 16. கண்ணதாசன் எழுதி விஸ்வநாதன்–ராமமூர்த்தி இசையில் டி.எம்.எஸ். பாடியது. பட்டினத்தார் பாட்டை வைத்து எழுதினார் என்று எல்லோரும் சொல்வார்கள். சொல்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். பட்டினத்தாருடைய பாட்டு, ஒருவருடைய பொருளும் உறவும் ஒவ்வொன்றாக எந்த இடத்தோடு நின்றுவிடும் என்று அளந்துகொண்டே போகும். வீடு, தெரு, சுடுகாடு. அதற்கப்பால் கூட வருவது செய்த நல்வினையும் தீவினையும்தான் என்று கணக்கை முடித்துவைக்கும். கண்ணதாசன் அந்த அளவையெல்லாம் வைத்துக்கொண்டார். கடைசிக் கணக்கை மட்டும் எடுத்துவிட்டார். அந்த இடத்தில் ஒரு கேள்வி நிற்கிறது. பதில் இல்லை.

எங்கள் ஊர் மாதிரி இடத்தில் இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பது எனக்குத் தொழில் வழியாகத் தெரியும். ஆரோக்கிய அன்னை கோவில் தெருக்களில் இருக்கும் கத்தோலிக்கக் குடும்பங்கள், வீராம்பட்டினத்து மீனவர்கள், கறுப்புச் சட்டைக்காரர்கள், சிவப்புக் கொடிக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே பென்டிரைவை எடுத்துப் போக முடிகிறதென்றால் அந்தப் பாட்டில் வினையும் மறுபிறப்பும் இல்லை என்பதால்தான். கேள்வியை யார் வேண்டுமானாலும் தங்கள் வீட்டுப் பதிலோடு முடித்துக்கொள்ளலாம். சாமி கிடையாது என்றவர் வீட்டில் "யாரும் இல்லை" என்பது பதில். அடுத்த தெருவில் "ஆண்டவர்".

எங்கள் தெரு பஜனை மடத்தில் தேவாரம் பாடிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். "சினிமாக்காரன் தலையை வெட்டிட்டு முண்டத்தைக் கொடுத்துட்டான் தம்பி" என்பார். கொள்கையாகப் பார்த்தால் அவர் சொன்னது சரி. ஆனால் குடித்துக் குடித்தே போன ஒருவரின் வீட்டு வாசலில், அவர் பெண்டாட்டி பிள்ளைகள் காதுபட, பாவம் கூடவே தொடரும் என்று ஸ்பீக்கர் வைத்துச் சொல்ல முடியுமா? பட்டினத்தார் அதைச் சுற்றிலும் பிணமில்லாத நேரத்தில், உயிரோடு நடமாடுகிறவனைப் பார்த்துச் சொல்கிறார். அவனுக்குத் திருந்த இன்னும் நாள் இருக்கிறது. பெட்டிக்குள் கிடப்பவருக்கு அது இல்லை. கண்ணதாசனுக்குத் தத்துவம் போதவில்லை என்று நான் நினைக்கவில்லை. கேட்கப்போகிறவர்கள் யார் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

சினிமாவில் வேடிக்கை ஒன்று உண்டு. தமிழ்நாட்டிலும் இங்கேயும் சாவு வீட்டில் அதிகமாக ஒலித்த இன்னொரு பாட்டு 'பாலும் பழமும்' (1961) படத்தில் வருவது. அதுவும் கண்ணதாசன், டி.எம்.எஸ். மனைவி இறந்துவிட்டாள் என்று நம்பி டாக்டராக வரும் சிவாஜி பாடுவார். படத்தில் அவள் சாகவில்லை. பிறகு நர்ஸாக அவர் முன்னாலேயே வந்து நிற்பாள். சாகாத ஒருத்திக்காகப் பாடிய பாட்டை வைத்து எத்தனை ஆயிரம் பேரை வழியனுப்பியிருக்கிறோம்! அதைப் போட வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை. பொருள் பொருந்துகிறதா என்று பாட்டைச் சோதிக்கிற வழக்கம் பண்டிதர்களுக்குத்தான் உண்டு போலிருக்கிறது.

பட்டினத்தாருக்கே திரும்புகிறேன். அந்தப் பெயரில் ஒருவருக்கு மேற்பட்டவர் இருந்தார்கள் என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்கிறார்கள். பதினோராம் திருமுறையில் இருப்பவர் வேறு, சித்தர் பாடல்களில் இருப்பவர் காலத்தால் பிந்தியவர். இருக்கட்டும். நம் ஜனங்கள் மனதில் இருப்பவர் ஒரே ஆள்தான். காவிரிப்பூம்பட்டினத்து வணிகர். காதற்ற ஊசியைப் பார்த்துவிட்டு எல்லாவற்றையும் உதறிப் போனவர். உடம்பை அவரளவுக்கு இழித்துப் பாடினவர் தமிழில் குறைவு. பெண்டாட்டி பொய், பிள்ளை பொய், சொந்தம் சந்தைக் கூட்டம் என்றவர். அந்த மனிதர், தாய் செத்தால் கொள்ளி வைக்க வருவேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போகிறார். சொன்னபடி வருகிறார். சொந்தக்காரர்கள் அடுக்கிய விறகை ஒதுக்கிவிட்டுப் பச்சை வாழையை அடுக்கிப் பாடியே எரியவைத்தார் என்பது கதை.

அப்போது பாடியதாக வருகிற பத்துப் பாட்டைப் பலர் உருகிப் பேசியிருக்கிறார்கள். எல்லாவற்றையும் துறந்தவரும் தாயைத் துறக்க முடியவில்லை என்பதே வழக்கமான விளக்கம். தாயின் புகழுக்கு அது போதும். பாட்டுக்குப் போதாது. அந்தப் பத்தையும் வரிசையாக, ஒரே மூச்சில் வாசித்துப் பார்க்க வேண்டும். பத்து மாதம் சுமந்தவள், பால் கொடுத்தவள், தோளில் தூக்கித் திரிந்தவள் என்று ஆரம்பிக்கிறது. அது தன்னைத்தானே பார்த்துப் புலம்புவது: இவள் வாய்க்கா நான் அரிசி போடுவது, இந்த உடம்புக்கா நான் தீ வைப்பது? பிறகு நெருப்பிடம் போகிறது. திரிபுரத்தில் சிவன் இட்ட தீ, இலங்கையில் விழுந்த தீ, பெற்றவள் தன் வயிற்றில் மூட்டிய தீ என்று எண்ணிவிட்டு, இப்போது நான் இடுவதும் மூளட்டும் என்கிறது. அடுத்து அண்ணாமலையானை விளித்து வெந்துவிட்டாளா என்று கேட்கிறது. எல்லாம் முடிந்து அவள் சாம்பலான பிறகுதான் கடைசிப் பாட்டு. அதில் சுற்றி நிற்கிற ஊராரைப் பார்த்து, நேற்றுவரை இருந்தவள் இன்று சாம்பலாகிவிட்டாள், பால் தெளிக்க எல்லோரும் வந்துவிடுங்கள் என்று அழைக்கிறார். அந்த அழைப்போடு சேர்த்துத்தான் எல்லாம் சிவன் என்ற பேச்சு வருகிறது.

எங்கள் தெருவில் சாவுக்குப் பிறகு வீட்டுப் பெரியவர் சுடுகாட்டு வாசலில் நின்று சொல்வதும் இதேதான்: "நாளைக்குப் பால் தெளிக்கணும், காலையில எல்லாரும் வந்துடுங்க." பட்டினத்தார் தன் உச்சகட்டத் தத்துவத்தை வைத்த இடம் அது. அழுகிற வேலை முடிந்து, வந்தவர்களுக்குத் தகவல் சொல்கிற இடம். முதல் பாட்டிலேயே எல்லாம் சிவன் என்று ஆரம்பித்திருந்தால் அவரை நம்பியிருக்க மாட்டோம். அவரும் நம்பியிருக்க மாட்டார் என்று தோன்றுகிறது.

சாவுப் பாட்டுக்கு விளக்கம் சொல்ல வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் நிலையாமை என்ற தலைப்பில் எல்லாவற்றையும் போட்டுக் கட்டிவிடுகிறார்கள். அந்தப் பாட்டு யாரைப் பார்த்துப் பேசுகிறது என்று முதலில் கேட்க வேண்டும். இறந்தவரையா, எரிகிற தீயையா, தெய்வத்தையா, ஊரையா, எமனையா, தன்னையேவா? ஒரு மணி நேரத்துக்குள் அது மாறிக்கொண்டே இருக்கும். ஊரைப் பார்த்துச் சொன்னதைச் செத்தவரைப் பார்த்துச் சொன்னதாக எடுத்துக்கொண்டால் ஆறுதல்கூடக் கொடுமையாகிவிடும்.

இது புதிதாக நான் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. புறநானூற்றின் 256ஆம் பாட்டில் கணவனை இழந்த ஒரு பெண் பேசுகிறாள். அவனைப் பற்றி ஒரு வார்த்தை புகழ்ச்சி கிடையாது. விதியைத் திட்டவில்லை, தெய்வத்தைக் கூப்பிடவில்லை. அவள் பேசுவது ஈமத் தாழி செய்கிற குயவனிடம்: வண்டிச் சக்கரத்தோடு ஒட்டிக்கொண்டு வந்த பல்லிபோல அவனோடு இத்தனை தூரம் வந்துவிட்டேன், எனக்கும் இடம் இருக்கும்படி கொஞ்சம் அகலமாகச் செய்துவிடு. 228ஆம் பாட்டில் ஐயூர் முடவனாரும் குயவனிடமே போகிறார். ஆனால் அங்கே இறந்தவன் சோழன், அவன் புகழுக்குத் தாழி செய்ய உன்னால் ஆகுமா என்று கேட்கிறார். பெரிய கற்பனைதான். என்றாலும் அந்தப் பெண்ணின் 'கொஞ்சம் அகலமாக' முன்னால் அது நிற்கவில்லை. எங்கள் அரிக்கமேட்டைத் தோண்டிய ழான்-மரி கசால் என்ற பிரெஞ்சுக்காரர் புதுச்சேரிக்குப் பக்கத்தில் சுத்துக்கேணியிலும் தோண்டினார். ஈமத் தாழிகள் கிடைத்தன. தாழிகளைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் அதன் வாய் அகலம் என்ன என்றுதான் என் கண் தேடுகிறது.

இப்போது அந்த ராத்திரி விஷயம். பத்து மணிக்கு ஆம்ப்ளிஃபயரை அணைப்பேன். ஐந்து நிமிஷம் ஒன்றும் இருக்காது. பிறகு உள்ளேயிருந்து ஒரு பெண் குரல் எழும்பும். ஒப்பாரி. பகலில் ஸ்பீக்கர் சத்தத்தில் கேட்காதது அப்போதுதான் கேட்கும். அதில் தத்துவம் இருக்காது. வரப்போகிற தீபாவளி இருக்கும், கட்டி முடிக்காத மாடி இருக்கும், பேத்தி வளைகாப்பு இருக்கும், ஆடி வெள்ளிக்கு வீராம்பட்டினம் செங்கழுநீரம்மன் தேர் வருமே, நீ எங்கே நின்று பார்ப்பாய் என்ற கேள்வி இருக்கும். எல்லாம் செத்தவரை நேராகக் கூப்பிட்டுக் கேட்பது. பதில் வராது என்று தெரிந்துதான் கேட்கிறாள். தெரிந்தும் அடுத்த அடியில் மறுபடி கேட்பாள்.

வெகுகாலம் இதை வெறும் அழுகை என்றுதான் நினைத்திருந்தேன், எல்லோரையும் போல. மடத்துப் பெரியவர்தான் ஒரு நாள் பேச்சுவாக்கில் திருஞானசம்பந்தரின் பூம்பாவைப் பதிகத்தைச் சொன்னார். மயிலாப்பூரில் சிவநேசர் என்ற வணிகரின் மகள் பூம்பாவை பாம்பு கடித்துச் சாகிறாள். அப்பா அவளுடைய எலும்பையும் சாம்பலையும் குடத்தில் வைத்துக் காத்திருக்கிறார். சம்பந்தர் வந்து கபாலீச்சரத்துக்கு முன்னால் அந்தக் குடத்தைப் பார்த்துப் பாடுகிறார். இறந்தவளை எழுப்பிய பாட்டு ஆயிற்றே, உயிரைப் பற்றியும் முத்தியைப் பற்றியும் என்னென்ன சொல்லியிருப்பார் என்று நினைத்தால் ஒன்றுமே இல்லை. அடியார்களுக்குச் சோறு போடுவது, ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, மார்கழி ஆதிரை, தைப்பூசம், மாசிக் கடலாட்டு, பங்குனி உத்திரம். ஒவ்வொன்றாகச் சொல்லி, இதைப் பார்க்காமலா போய்விடுவாய் என்று அந்தப் பெண்ணைப் பேர் சொல்லிக் கேட்கிறார். சைவத் திருமுறைக்குள் இருக்கும் முழு ஒப்பாரி அது. மாசிமகத்துக்கு வைத்திக்குப்பம் கடற்கரைக்கு மயிலம் முருகன் முதல் எத்தனையோ ஊர்ச் சாமிகள் வந்து இறங்குவதை எங்கள் பெண்கள் ஒப்பாரியில் சேர்ப்பதும், சம்பந்தர் மாசிக் கடலாட்டைச் சேர்ப்பதும் ஒரே காரியம். இறந்தவருக்கு மோட்சத்தைக் காட்டி அனுப்புகிற பாட்டுகள் ஒரு பக்கம் இருக்கட்டும். இது இந்த உலகத்தைக் காட்டித் திரும்பக் கூப்பிடுகிறது. அதுவும் பக்திதான், அதுவும் சம்பந்தர் வாயால்.

ஒப்பாரி பாடுகிற பெண்ணிடம், "ஆத்மாவுக்கு அழிவில்லைம்மா, அழாதே" என்று சொல்கிற பெரிய மனிதர்களைப் பார்க்கும்போது இந்தப் பதிகத்தை அவர்கள் கையில் கொடுக்கலாமா என்று தோன்றும். கொடுத்ததில்லை. கூலி வாங்க வேண்டுமே.

பாட்டின் சொற்பொருளுக்கும் சாவுக்கும் சம்பந்தமே இல்லாமலும் இருக்கலாம். கீழ்ப்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் முகாம் இருக்கிறது. அங்கே ஒரு துக்கத்துக்கு செட் கட்டப் போனேன். பந்தலில் உரலும் உலக்கையும் கொண்டுவந்து வைத்தார்கள். மஞ்சளும் அறுகும் போட்டு இடிக்க, ஒரு பெரியவர் திருவாசகத்துத் திருப்பொற்சுண்ணத்தைப் பாடினார். யாழ்ப்பாணத்துச் சைவர்களுக்கு அது வழக்கம். மாணிக்கவாசகர் அதைச் சாவுக்கு எழுதவில்லை. இறைவன் நீராடுவதற்காகப் பொற்சுண்ணம் இடிக்க வாருங்கள் என்று பெண்கள் ஒருவரையொருவர் அழைக்கும் கொண்டாட்டப் பாட்டு அது. வளையும் சிலம்பும் ஒலிக்கிற பாட்டு. அதைப் பிணத்துக்கு முன்னால் பாடினால் அபத்தமாக இருக்க வேண்டும். இருக்கவில்லை. இடித்த பொடியை எடுத்து அந்த உடம்பில் பூசியபோது, கோவிலில் மூர்த்திக்குச் செய்வதை இவருக்குச் செய்கிறார்கள் என்பது புரிந்துவிட்டது. உடம்பை மலம், புழுக்கூடு என்று சொல்லிச் சொல்லிச் சலித்த மரபுதான், அதை வெளியே எடுத்துப்போகும் கடைசி மணி நேரத்தில் சாமியாக்கிப் பார்க்கிறது. உரை எழுதியிருந்தால் இவ்வளவு தெளிவாக வந்திருக்காது.

புரியாத பாட்டும் வேலை செய்யும். எங்கள் பக்கம் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கியவர்களைச் சொல்தா என்போம். அப்படி ஒரு சொல்தா தாத்தா, தன் சின்ன வயதில் கோவிலில் பாடிய லத்தீன் சாவுப் பாட்டைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருப்பார். கறுப்பு அங்கியில் சாமியார், நடுவில் பெட்டி, மெதுவான ராகம். அது 'தியேஸ் ஈரே' என்ற பாட்டாக இருக்க வேண்டும். உலகம் சாம்பலாகப் போகும் தீர்ப்பு நாளைப் பற்றியது. 1960களின் கடைசியில் நடந்த வழிபாட்டுச் சீர்திருத்தத்தில் திருச்சபை அதை இறுதிச் சடங்குத் திருப்பலியிலிருந்து எடுத்துவிட்டது. பயமுறுத்துவதை விட உயிர்த்தெழுதலின் நம்பிக்கையைச் சொல்வதே சரி என்று. இப்போது தமிழில் பாடுவது எல்லோருக்கும் புரிகிறது, ஆறுதலாகவும் இருக்கிறது. தாத்தாவுக்கு மட்டும் குறை. "இப்ப பாடறது எல்லாம் நம்மகிட்ட பேசறாங்கடா. அப்ப பாடினது கடவுள்கிட்ட" என்பார். லத்தீனில் ஒரு வார்த்தை தெரியாதவர், அது யாரைப் பார்த்தது என்பதை மட்டும் பிடித்துவைத்திருந்தார்.

வள்ளலாரை வைத்துத்தான் எனக்குச் சங்கடம். மற்றவர்கள் பாட்டையெல்லாம் விளிப்பு, ஆறுதல், அழுகை என்று வகைப்படுத்தித் தப்பித்துக்கொள்ளலாம். அவர் விடமாட்டார். சாக வேண்டியதில்லை என்று அவர் சொன்னது உவமை இல்லை. 1823இல் மருதூரில் பிறந்தவர், 1867இல் வடலூரில் தருமசாலையின் அடுப்பை மூட்டியவர், 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தச் சொன்னார். அதற்கப்புறம் அவரை யாரும் பார்க்கவில்லை. பிற்பாடு தென்னாற்காடு மாவட்டத்தைப் பற்றிய அரசாங்க நூலில்கூட அந்தச் செய்தி ஏறிவிட்டது. இறந்தவர்களை எரிக்காதீர்கள், புதையுங்கள், அழாதீர்கள், கருமாதி, திதி வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். வார்த்தையை அப்படியே எடுத்துக்கொள்கிற சன்மார்க்க அன்பர்கள் எங்கள் பக்கத்தில் நிறையப் பேர். மரணமில்லாப் பெருவாழ்வு என்றால் புகழால் நிலைப்பது, ஆன்மா அழியாதிருப்பது என்றெல்லாம் மேடையில் மெலிதாக்கிச் சொல்கிறவர்களை விட இவர்கள்தான் அவரிடம் நேர்மையாக இருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். அவர் அப்படி மெலிதாக்க விரும்பியிருந்தால் அருட்பாவின் ஆறாம் திருமுறை முழுக்க ஊர் உலகத்தைக் கைதட்டிக் கூப்பிட்டிருக்க மாட்டார்.

கவனிக்க வேண்டியது அந்தக் கூப்பிடுதல்தான். அவருடைய பாட்டு உயிரோடு இருப்பவர்களைச் சாவதற்கு முன்னால் வரச் சொல்கிறது. சாவு நடந்த வீட்டில் அதற்குச் சொல்ல ஒன்றுமில்லை. மணவெளியில் அப்படி ஒரு வீடு. அழக் கூடாது என்று முடிவு. வள்ளலாரின் அகவலைப் போட்டிருந்தேன். பிறகு மகாமந்திரத்தைச் சேர்ந்து சொல்ல ஆரம்பித்தார்கள். இறந்தவரின் மனைவியும் சொன்னார், சரியாக, ஒரு சொல் பிசகாமல். கொஞ்ச நேரத்தில் அவர் சொல்வது மட்டும் தனியாக இழுபட ஆரம்பித்தது. சொல் மந்திரம், மெட்டு ஒப்பாரி. பக்கத்தில் இருந்தவர்கள் நிறுத்தவில்லை. விதியை அவர் மீறவும் இல்லை. அந்தப் பாட்டுக்கு அந்த இடத்தில் பொருள் என்ன என்று கேட்டால், வள்ளலார் ஒரு பதில் சொல்வார், அந்தம்மா ஒரு பதில் சொல்வார். நான் மிக்சரை ஏற்ற இறக்க வைத்துக்கொண்டிருப்பவன். தைப்பூசத்துக்கு வடலூர் போய் ஜோதி பார்க்கிறபோதும் இந்த இரண்டு பதிலும் சேர்ந்தே கூட வருகின்றன.

பாரதியைச் சாவு வீட்டில் யாரும் கேட்பதில்லை. 1908 முதல் பத்து வருஷம் புதுச்சேரியில் இருந்தவர், சித்தர்களோடு பழகியவர், எமனை நேராகக் கூப்பிட்டு மிதிக்கப் பார்த்தவர். 1921இல் ஈரோடு கருங்கல்பாளையத்தில் 'மனிதனுக்கு மரணமில்லை' என்று பேசிவிட்டு வந்து, அதே வருஷம் செப்டம்பரில் முப்பத்தெட்டு வயதில் போய்விட்டார். எமனைப் பார்த்துச் சவால் விடுகிற பாட்டு எமன் வந்து போன வீட்டில் எடுபடாது. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவருக்கு அது உதவும்.

கடைசியாக, காசு வாங்கிக்கொண்டு பாடுகிறவர்கள். பதினாறாம் நாள் கருமாதி ராத்திரி கர்ண மோட்சம் கூத்து வைப்பது எங்கள் பக்கத்துப் பழைய வழக்கம். போர்க்களத்தில் விழுந்து கிடக்கும் கர்ணனைக் குந்தி மடியில் போட்டுக்கொண்டு அழும்போது, பதினைந்து நாள் வந்தவர்களுக்குக் காபி கொடுப்பதிலேயே கழித்துவிட்ட மகன் முன்வரிசையில் உட்கார்ந்து அழுவான். கர்ணன் யார், இவன் யார்? அதைப் பொய்யழுகை என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் இப்போது ஒப்பாரிக் கோஷ்டி வரவழைக்கும் பழக்கம் வந்ததும், "முன்பின் பார்க்காத ஆளை அப்பா அப்பான்னு கூப்பிடறா, இதெல்லாம் ஒரு துக்கமா?" என்று முகம் சுளிக்கிறார்கள். எனக்கும் ஆரம்பத்தில் பிடிக்கவில்லை. பூம்பாவைப் பதிகத்தைப் படித்த பிறகு அந்தக் கேள்வியைப் பழையபடி கேட்க முடியவில்லை. சம்பந்தரும் அந்தப் பெண்ணை முன்பின் பார்த்ததில்லை. எழுந்து வந்தவளை மணம் செய்துகொள்ளுங்கள் என்று சிவநேசர் கேட்டபோது, உயிர் கொடுத்ததால் இவள் எனக்கு மகள் என்று மறுத்துவிட்டார். உறவு பாட்டுக்குப் பிறகுதான் வருகிறது. பாடும்போது அவர் கூலியில்லாத அந்நியர்.

கோஷ்டியில் வருகிற ஒரு அக்கா, பந்தலுக்கு வந்ததும் முதலில் இரண்டு விஷயம் கேட்பார். இறந்தவரை வீட்டில் என்னவென்று கூப்பிடுவார்கள், அவருக்கு என்ன சாப்பாடு பிடிக்கும். அதை வைத்துக்கொண்டு முக்கால் மணி நேரம் பாடுவார். உள்ளேயிருந்து பெண்கள் ஒவ்வொருவராக எழுந்து வந்து அவரைச் சுற்றி உட்கார்ந்து தங்கள் அடியைச் சேர்ப்பார்கள். அப்புறம் அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு அவர்களுக்கு விட்டுவிடுவார்.

வீட்டுக்காரர்கள் என்னிடம் கேட்பது, "எக்கோ நல்லா வைங்கண்ணே, சினிமாவுல மாதிரி இருக்கணும்." தத்துவப் பாட்டுக்கு வைக்கிறேன், அது ஊருக்குச் சொல்வது, தூரம் போகட்டும். ஒப்பாரிக்கு அந்தக் குமிழைச் சுத்தமாகக் குறைத்துவிடுவேன். மூன்றடி தள்ளிக் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடப்பவரிடம் பேசுகிற பேச்சு அது. திட்டு வாங்கியிருக்கிறேன், ஒரு மருமகப்பிள்ளை பணத்தில்கூடக் கொஞ்சம் பிடித்துக்கொண்டார்.